கழுத்தும் கையும்

நூறு நாள் வேலையில் முள் வெட்டுவதைக் காட்டிலும் பெரிய வேலை, மத்தியான போட்டோவுக்காகக் காத்திருப்பதுதான். காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. இரண்டிலும் முகம் இருந்தால்தான் ஆள் வேலைக்கு வந்ததாகச் செல்போன் ஒத்துக்கொள்ளும். நடுவில் வெயிலில் குனிந்து வெட்டியதையெல்லாம் அது பார்க்காது. ஆகவே ஏரிக்கு வரும் கால்வாயில் அன்றைக்குக் காட்டிய இடத்தைச் சுத்தம் செய்து முடித்ததும், பெண்கள் கரைமேல் இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்து வாய்க்கு வேலை கொடுப்பார்கள். உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெண்களின் வாய்க்கு வேலை கொடுக்க எந்தச் சர்க்காரும் திட்டம் போடத் தேவையில்லை.

அன்றைக்குப் பேச்சு சினிமாவைப் பற்றி. முந்தின நாள் டிவியில் ‘கடைமடை வீடு’ போட்டிருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தின படம். பாதிப் படத்தை உத்திரமேரூரைச் சுற்றியே எடுத்தார்கள் என்பதால், எத்தனை தடவை போட்டாலும் இந்தப் பக்கத்து ஜனங்கள் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். புருஷன் செத்துப்போன ஒருத்தியை மாமியார் வீட்டைவிட்டுத் துரத்தப் பார்க்கிற கதை. அந்த ஒருத்தியாக நடித்த சாருமதிக்கு டெல்லியில் கூப்பிட்டு விருது கொடுத்தார்கள். மாமியாராக நடித்த விசாலத்துக்கு ஒரு வெத்தலைபாக்குகூடக் கொடுக்கவில்லை. சண்டை அதில்தான்.

“என்ன கேட்டா, அவார்டு அந்த மாமியாக்காரிக்கித்தான் வந்திருக்கணும்,” என்றாள் தேவயானி. அவள் எதிலும் எதிர்க்கட்சி. “சாருமதி இன்னா பண்ணா? படம் பூரா அயுதுகினே கீறா. அயுவுறது ஒரு நடிப்பா? எங்கூட்டுக்காரு குட்சிட்டு வந்தா நானுந்தான் அயுவுறேன், எனுக்கு எவன் குடுத்தான் அவார்டு? விசாலத்த பாரு. பெத்த புள்ள செத்துக் கெடக்கறான், அந்தம்மா பாட்டுக்கும் போயி மாட்டுக்கு தண்ணி காட்டுது. அதாண்டி நடிப்பு.”

“போடி, உனுக்கு ஒண்ணியும் தெரியாது,” என்றாள் சுதா. சாருமதியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் அவளுக்குத் தன் கூடப்பிறந்தவளைச் சொன்ன மாதிரி. “அந்தத் தாலி அறுக்கற சீன் ஒண்ணு போதும். மூஞ்சியே காட்டல. கயுத்து மட்டுந்தான். கயிறு அறுபடற நேரத்துல அந்தத் தொண்ட ஒரு தபா மேல ஏறி எறங்குது பாரு, எனுக்கு அப்படியே நெஞ்ச அடச்சிடுச்சி. அதுக்குத்தான் குடுத்தாங்க அவார்டு. அத்த ஒரு பத்திரிகையில கூட எழுதியிருந்தாங்க.”

கொஞ்சம் தள்ளி, முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த செங்கேணி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கழுத்து சாருமதியுடையது அல்ல. செங்கேணியுடையது.

மரத்துக்கு அந்தப் பக்கம், கால்வாய் மேட்டில் காலை நீட்டி உட்கார்ந்து புகையிலை கிள்ளிக்கொண்டிருந்தாள் ஆண்டாளம்மாள். செங்கேணியின் நாத்தனார், செத்துப்போன அவள் புருஷன் இருசப்பனின் அக்கா. அந்தப் படத்தில் தாலியை அறுக்கிற கை ஆண்டாளம்மாளுடையது. இது இரண்டு பேருக்கும் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒருத்தியோடு ஒருத்தி பேசி ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். படம் எடுத்த காலத்தில் சாருமதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பொய்த் தாலியே ஆனாலும் மகள் கழுத்திலிருந்து அறுக்க விடமாட்டேன் என்று அவள் அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். பெரிய நடிகை, அவள் சொன்னால் நடக்கும். அவளுக்குப் பதிலாக வேறொரு கழுத்து வேண்டியிருந்தது. ஒப்பாரி வைக்கும் கூட்டத்தில் நிற்க ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்; அதில் செங்கேணியும் இருந்தாள். கல்யாணமான புதிது. நல்ல நீளக் கழுத்து. டைரக்டரின் ஆள் வந்து, முகம் தெரியாது, பொய்க் கயிறுதான், ஒன்றும் ஆகாது என்று சொன்னான். நடிகையின் கழுத்துக்கு ஆகிறது கூலிக்காரியின் கழுத்துக்கு ஆகாதா என்று கேட்க அவளுக்கு அப்போது வாய் வரவில்லை. இருசப்பன் செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தான். கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

அறுக்கிற கைக்கும் தகராறு. படக்காரர்கள் கூட்டி வந்திருந்த சுமங்கலிகள் யாரும் அதற்கு வரமாட்டேன் என்றுவிட்டார்கள். ஆண்டாளம்மாள் சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். இழக்க என்ன இருக்கிறது என்று அவள் போனாள். நெல் மண்டிக் கிடங்கு ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தார்கள். நடிகைக்குப் பதில் வேறு ஆள் என்று வெளியே தெரியக்கூடாது, யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவைத்தார்கள்.

தன் சொந்தத் தாலியைக் கழற்றச் செங்கேணி சம்மதிக்கவில்லை. துணிமணி பார்க்கிறவள் ஒருத்தி அதை முதுகுப் பக்கமாகத் தள்ளி, ரவிக்கைக்குள் சொருகிவிட்டாள். மேலே பொய்த் தாலி தொங்கியது. முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. கை நடுங்குகிறது என்று டைரக்டர் ஆண்டாளம்மாளைத் திட்டினார். மூன்றாவது தடவை எடுப்பதற்குள், ரவிக்கைக்குள் சொருகியிருந்த கயிறு நழுவி மேலே ஏறிப் பொய்க் கயிற்றோடு சேர்ந்துகொண்டது. இரண்டும் மஞ்சள் கயிறு. ஆண்டாளம்மாளின் விரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தது. டைரக்டர் கையில் கொடுத்திருந்த கருக்கரிவாள் இரண்டையும் சேர்த்து அறுத்தது. தன் கயிறு கழுத்தைவிட்டுப் போவது செங்கேணிக்குத் தெரிந்தது. ஆடாதே என்று சொல்லியிருந்தார்கள். அவள் ஆடவில்லை. எச்சிலை மட்டும் விழுங்கினாள். அதைத்தான் படத்தில் வைத்தார்கள். டெல்லிக்காரர்கள் அழுததும் அதற்குத்தான்.

மடியில் விழுந்த தாலியை யாரும் பார்ப்பதற்குள் கைக்குள் மூடிக்கொண்டாள். கிடங்குக்குப் பின்னால் போய்ப் புதுக்கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டாள். இருசப்பனிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த போகம் அறுப்புக்கு வருமுன்னே அவன் மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துச் செத்தான்; மகன் அப்போது அவள் வயிற்றில்.

ஒயர் பிய்ந்திருந்தது, மழை ஈரம், அதனால் அடித்தது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ஒயர் வருஷக்கணக்காகப் பிய்ந்துதான் கிடந்தது. அந்த வருஷம் மட்டும் ஏன் அடித்தது என்று அவர்கள் சொல்வார்களா? செங்கேணிக்குக் காரணம் தெரியும். தன் கழுத்தை எவனோ கேட்டான் என்று கொடுத்தாள், புருஷன் போனான். அதை யாரிடமும் சொல்லாமல் சுமந்து சுமந்து தோள் காய்த்துப்போனவள் அவள்.

கருமாதியன்று நிஜமாகவே தாலியைக் கழற்றி வாங்கினபோது அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதுதான் ஏற்கெனவே அறுந்துபோயிற்றே, இன்னும் எதை அறுக்கிறார்கள் என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். ஆண்டாளம்மாள் ஊரே கேட்கும்படி கத்தினாள். “தம்பிய முழுங்கிட்டு கல்லாட்டம் குந்திகினு கீறா பாரு!” அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பேர். தம்பியை முழுங்கினவள். குழாயடியில், ரேஷன் கடையில், பஸ் நிற்கிற இடத்தில், ஆண்டாளம்மாள் வாயிலிருந்து செங்கேணிக்கு வந்ததெல்லாம் அந்த ஒன்றுதான்.

ஆண்டாளம்மாளுக்கு அந்த இரண்டாவது கயிற்றைப் பற்றித் தெரியாது என்றே செங்கேணி நம்பியிருந்தாள். தெரிந்தால் பேச்சோடு விடுவாளா, தலையிலேயே கல்லைப் போட்டிருப்பாள். செங்கேணிக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பயம், ஒரே ஒரு ஆசை. அந்தக் கயிறு வெளியே தெரியக்கூடாது என்பது பயம். இந்தக் கிழவி கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை, தன்னைப் பார்த்து ‘உன்னால இல்ல’ என்று சொல்லிவிட வேண்டும் என்பது ஆசை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்பது அவளுக்கும் தெரியாமல் இல்லை.

“சண்ட எதுக்கு? போன்ல கீது படம். போட்டுப் பாத்துடலாம்,” என்றாள் திவ்யா. வேலை நடக்கிற இடத்துக்கு அவள்தான் பொறுப்பாளர், பன்னிரண்டாவது முடித்தவள், போட்டோ எடுக்கிற பெரிய செல்போன் அவள் கையில். தேடி எடுத்து, அந்த இடத்துக்குத் தள்ளினாள். பெண்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு சூழ்ந்தார்கள்.

ஒப்பாரிச் சத்தம் கேட்டது. பிறகு அது அடங்கியது. செங்கேணி கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்க வேண்டியதில்லை, கழுத்துக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

“தோ, தோ, நிறுத்து! பாத்தியா தொண்டைய?” என்று சுதா அடித்துக்கொண்டாள்.

“இரு, இரு,” என்றாள் திவ்யா. திரையில் இரண்டு விரலை வைத்து விரித்துப் பெரிதாக்கினாள். “யக்கா, இது சாருமதி கயுத்தே இல்ல. அந்தம்மா இன்னா செவப்பு! இது வெயில்ல காஞ்ச கயுத்து. தோள்ள பாரு, சும கட்டி தூக்கன தழும்பு. இது டூப்பு.”

எல்லாரும் இன்னும் கிட்டே குனிந்தார்கள். பிறகு தேவயானி கை கொட்டிச் சிரித்தாள். “அப்ப அவார்டு வாங்குனது எவளோ ஒருத்தி கயுத்துக்கு! டீ சுதா, உன் சாருமதி மானம் போச்சி!”

“மொத்தப் படத்துக்குந்தான் குடுத்தாங்க, கயுத்துக்கு மட்டுமா குடுத்தாங்க?” என்று சுதா முகம் சிறுத்துப்போய்ச் சொன்னாள். சற்று முன்பு அந்தக் கழுத்துக்குத்தான் கொடுத்தார்கள் என்று சொன்னவள் அவளேதான். “அப்படியே டூப்பா இருந்தாலும் நடிப்பு நடிப்புதான். அவ எவளா இருந்தாலும் நல்லா பண்ணியிருக்கா. நான் ஒத்துக்கறேன்.”

செங்கேணிக்கு அது காதில் விழுந்தது. நல்லா பண்ணியிருக்கா. யாரும் அவளை எதற்கும் அப்படிச் சொன்னதில்லை. சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. அதற்குள்ளேயும் துளி சந்தோஷம் எட்டிப் பார்த்ததை நினைத்துத் தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

“கயுத்து சரி,” என்றாள் தேவயானி. “அந்தக் கைய பாரு. கட்டையாட்டம். நாத்து புடுங்கற மாரி புடுங்குது. மொதல்ல, தாலிய எவளாச்சும் கருக்கால அறுப்பாளா? கைய எவளோ ஒண்ணுந்தெரியாத கெய்வி வந்து நீட்டியிருக்கா. கயுத்து நடிச்சிது, கை கெடுத்துச்சி. அவ்ளோதான்.”

“எவடி அவ கெய்வி?”

எல்லாரும் திரும்பினார்கள். ஆண்டாளம்மாள் எழுந்து நின்றாள். புகையிலையைத் துப்பிவிட்டு வந்தாள். “அப்ப எனுக்கு முப்பது வயசுகூட ஆவல. கருக்கால அறுக்கச் சொன்னவன் அந்த டைரக்டரு. நானா கேட்டேன்? கட்டையாட்டமாம், கட்டையாட்டம். நடுங்கக்கூடாது, ஆனா கல்லாட்டமும் இருக்கக்கூடாதுன்னான் அந்த ஆளு. நீ ஒரு தபா பண்ணிக் காட்டுடி பாப்போம்.”

மனுஷ ஜென்மம் விசித்திரம்தான். ஒரு வாழ்நாள் முழுக்கப் பூட்டி வைத்திருந்ததை, அவள் கையை ஒருத்தி கட்டை என்று சொன்ன பாவத்துக்கு, வெயிலில் நின்றுகொண்டு கொட்டிவிட்டாள்.

முதலில் யாரும் நம்பவில்லை. ஆண்டாளம்மாள் வலது கையை விரித்து நீட்டினாள். சுண்டுவிரல் நடுவில் மடங்கி, உள்பக்கமாக வளைந்திருந்தது. திவ்யா படத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். “ஐயோ, ஆமாங்க்கா! அதே வெரலு!” என்று கூவினாள். அதற்கப்புறம் ஒரே அமர்க்களம். சுதா ஆண்டாளம்மாளின் கையைப் பிடித்து முத்தமே கொடுத்தாள். தேவயானிகூட, “ஆயா, இப்ப பாத்தா கையும் நல்லாத்தான் கீது,” என்று கட்சி மாறினாள். அவார்டு ஆயாவுக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்று ஒருத்தி, பாதி கழுத்துக்குப் பாதி கைக்கு என்று இன்னொருத்தி. ஆண்டாளம்மாள் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அங்கே பாதிப் பேருக்குப் புதுச் செய்தி.

“அது சரி ஆயா,” என்றாள் திவ்யா. “கயுத்து யாருது?”

செங்கேணி முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். எழுந்து போனாலே சந்தேகப்படுவார்கள். சொல்லப்போகிறாள். இத்தனை வருஷமாக இதற்குத்தான் காத்திருந்த மாதிரி, பேரைச் சொல்லி விரலை நீட்டப்போகிறாள். ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். புருஷன் உயிரோடு இருக்கையில் சினிமாவுக்குத் தாலி அறுத்தவள் என்று மகன் வீட்டில், மருமகள் வீட்டில், சம்பந்தி வீட்டில் எல்லாம் பேசுவார்கள்.

ஆண்டாளம்மாளின் பார்வை கூட்டத்தின் தலைக்கு மேலே வந்து செங்கேணியின்மேல் நின்றது. கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையின்மேல் நின்றது.

“யாரோ மெட்ராஸ் பொண்ணு,” என்றாள். “மூஞ்சிய மூடிக் கூட்டியாந்தானுங்க. நான் பாக்கல.”

“அந்த மெட்ராஸ் பொண்ணு செம,” என்று சொல்லிக்கொண்டே திவ்யா படத்தை இன்னும் பெரிதாக்கினாள். “ஆயா, இங்க பாரேன். ரெண்டு கயிறு கீது! அறுந்த மொன ரெண்டு தெரியுது. ஒரு தாலிக்கு எப்படி ரெண்டு கயிறு? டைரக்டரு கோட்ட உட்டுட்டாரு!”

“எங்கே, எங்கே” என்று எல்லாரும் மறுபடியும் குனிந்தார்கள். இத்தனை பெரிய அவார்டு கொடுத்த படத்தில் இத்தனை பெரிய தப்பா என்று சிரிப்பு. ஆண்டாளம்மாள் சிரிக்கவில்லை. அவள் முகம் செத்துப்போய்விட்டது. செங்கேணி அதைப் பார்த்தாள். ரெண்டு கயிறா என்று அந்த முகம் ஆச்சரியப்படவில்லை. மாட்டிக்கொண்ட முகம் அது.

“போன மூடுடி,” என்று ஆண்டாளம்மாள் எரிந்து விழுந்தாள். “மணி ஆவுது. போட்டோ எடுத்துட்டு ஊட்டுக்கு உடு. கூலிக்கு வந்தமா, கூத்து பாக்க வந்தமா?”

போட்டோ எடுத்தார்கள். ஆண்டாளம்மாள் யாருக்கும் காத்திராமல் கரைமேல் நடந்துவிட்டாள். செங்கேணி பின்னாலேயே போனாள். முட்டி வலியை அன்றைக்கு அவள் சட்டை செய்யவில்லை. மதகுக்குப் பக்கத்தில், மற்றவர்கள் கண்ணுக்கு மறைகிற வளைவில், எட்டிப் பிடித்தாள்.

“அண்ணி.”

ஆண்டாளம்மாள் நின்றாள். திரும்பவில்லை.

“ஏன் எம் பேர சொல்லல?”

“சொன்னா? அந்த ரெண்டாவது கயிறு யாருதுன்னு அடுத்த கேள்வி வரும். அந்தப் பொண்ணு ஒண்ணொண்ணா நோண்டுது.”

“அப்ப உனுக்குத் தெரியுமா?”

“கைக்குத் தெரியாதா?” ஆண்டாளம்மாள் இப்போதுதான் திரும்பினாள். “அவனுங்க குடுத்த கயிறு ஜில்லுனு இருந்துச்சி. இன்னொண்ணு வெதுவெதுன்னு. உன் ஒடம்பு சூடு. புடிச்ச ஒடனே தெரிஞ்சிபோச்சி.”

“அறுக்கறதுக்கு முன்னாலியேவா?”

“முன்னாலியே.”

செங்கேணி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். கால்வாயில் தண்ணீர் இல்லை. வெட்டிப் போட்ட முள் காய்ந்துகொண்டிருந்தது. “தெரிஞ்சிகினே அறுத்தியா? உன் தம்பி கட்டன தாலிதான அது?”

ஆண்டாளம்மாள் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தாள். பதில் சொன்னபோது அது சண்டைக்காரியின் குரலாக இல்லை.

“ரெண்டு தபா கை நடுங்கிடுச்சின்னு அத்தினி பேருக்கு முன்னாடி திட்டனான். மூணாவது தபா நடுங்கல. கை சொன்ன பேச்சு கேக்குது. எனுக்கே தெரியுது, நல்லா வருதுன்னு. சுத்தி நிக்கறவன்லாம் மூச்சு உடாம பாக்கறான். நான் ஒரு வேலைய நல்லா பண்றேன்னு எவன் அப்படிப் பாத்தான் சொல்லு, பொறந்ததுலேர்ந்து? அப்பதான் சூடு தெரிஞ்சிது. உட்டிருக்கலாம். உட்டா மறுபடியும் மொதல்லேர்ந்து எடுக்கணும். நல்லா வந்துகினு இருந்துச்சி, செங்கேணி. அறுத்துட்டேன்.”

கோபம் வந்தது செங்கேணிக்கு. எங்கேயோ ஆழத்திலிருந்து, நெடுநாள் கிடந்து புளித்த கோபம். “அறுத்தவ நீ. முழுங்கினவ நானா? எங்க போனாலும் ஊரக் கூட்டிச் சொன்னியே, எம் புள்ள காதுல உய்ற மாரி சொன்னியே, நாக்கு கூசல உனுக்கு?”

“உன்னிய சொல்லலன்னா என்னிய சொல்லணும்,” என்றாள் ஆண்டாளம்மாள். “என்னிய சொல்லிக்கினு நான் எப்படி உசுரோட இருக்கறது? யாராச்சும் ஒருத்தி மேல போட்டாவணும். நீதான் பக்கத்துல இருந்த.”

இதைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. வருத்தம் இருந்ததா என்றும் தெரியவில்லை. செங்கேணிக்கு எழுந்து ஓங்கி அறையலாம் போல இருந்தது. ஆனால் கை எழவில்லை, ஏனென்றால் அவளிடமும் ஒன்று இருந்தது.

“எனுக்கும் தெரிஞ்சிது,” என்றாள். “கயிற இழுக்கறப்பவே தெரிஞ்சிது. கத்தியிருக்கலாம். ஆடாதன்னு சொன்னாங்களேன்னு ஆடாம இருந்தேன்.”

“அப்பதான் எச்சி முழுங்கன.”

“ஆமா.”

அந்தக் கிடங்கின் இருட்டும், விளக்குச் சூடும், மூச்சடக்கி நின்ற ஆட்களும் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஊருக்கெல்லாம் அது சினிமா. இவர்களுக்கு அது இருசப்பன். செங்கேணி கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

“அவரு அதனாலதான் செத்தாரா அண்ணி? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடு. பொய்யா இருந்தாலும் பரவால்ல, சொல்லு.”

ஆண்டாளம்மாள் அவளைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் செங்கேணி நினைத்தாள்.

“எனுக்கு இன்னா தெரியும்,” என்றாள் ஆண்டாளம்மாள். “தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு இப்படிக் கெடக்கறேன்.” மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். “நாளைக்கி எங்கிட்ட பேச்சு குடுக்காத. திடீர்னு ஒட்டிக்கினா அவளுங்க மோப்பம் புடிச்சிடுவாளுங்க, கயுத்து யாருதுன்னு. நான் எப்பவும் போல பேசுவேன். நீ எப்பவும் போல கேட்டுக்கினு இரு. இன்னா?”

செங்கேணி தலையாட்டினாள். வேறு என்ன செய்ய?

அன்று ராத்திரி அவளுக்குக் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது என்று சொல்ல வேண்டும். பாரம் இறங்கவில்லைதான், ஆனால் மறுமுனையைப் பிடிக்க ஒருத்தி இருக்கிறாள். இனிமேல் அவள் திட்டினால் அது வாய்ப்பேச்சு. உள்ளே இருப்பது வேறு என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படி நினைத்துக்கொண்டு தூங்கினாள்.

மறுநாள் புங்கமரத்தடி திருவிழா போல இருந்தது. சேதி அக்கம்பக்கமெல்லாம் பரவி, ஆண்டாளம்மாளின் கையோடு போட்டோ எடுத்துக்கொள்ள இரண்டு மூன்று பேர் வேலையில்லாமலே வந்திருந்தார்கள். விசாலமா சாருமதியா என்ற சண்டை அடிபட்டுப் போய், கையா கழுத்தா என்று புதுச்சண்டை கிளம்பியிருந்தது. ஆண்டாளம்மாள் விரலை மடக்கி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். செங்கேணி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியான போட்டோவுக்கு வரிசையாக நின்றார்கள். “நீ ஏன்க்கா எப்பவும் கடைசியில நிக்கற? இங்க வா,” என்று சுதா செங்கேணியை இழுத்து ஆண்டாளம்மாளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

“தம்பிய முழுங்கினவள எம் பக்கத்துல நிக்க வெக்காதீங்கடி!” என்று ஆண்டாளம்மாள் கத்தினாள். “இவ நிழலு மேல பட்டாலே வெளங்காது. கல்லு மனசுக்காரி. எங்கியாச்சும் தள்ளிப் போய்த் தொலைடி!”

இது வரும் என்று செங்கேணிக்குத் தெரியும். பேசி வைத்துக்கொண்டதுதான். இருந்தாலும் அவள் நிமிர்ந்து ஆண்டாளம்மாளின் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரத்தில், கண்ணில், எங்கேயாவது ஒரு இடத்தில் இது பொய் என்று தெரியாதா என்று பார்த்தாள். கழுத்து நடிப்பு, கை நடிப்பு, மாமியார் நடிப்பு என்று ஊரே பிரித்து மேய்ந்ததை முந்தின நாள் முழுக்கக் கேட்டவள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. குரல் கரகரத்தது. கண்ணில் அந்தப் பழைய வெறுப்பு அப்படியே இருந்தது. நேற்று மதகடியில் சொன்னது நிஜமா, இன்றைக்குச் சொல்வது நிஜமா? இரண்டுமே நிஜமாக இருந்தால்?

இத்தனை வருஷமும் வலிக்கிறபோது வலிக்கிறது என்றாவது தெரிந்திருந்தது. இனி அதை நம்பி அழவும் முடியாது, பொய் என்று தள்ளவும் முடியாது. நாளைக்கும் கேட்க வேண்டும், இரண்டு பேரில் ஒருத்தி போய்ச் சேரும்வரைக்கும் கேட்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். இது நேற்றுவரை பட்டதைவிடக் கொடுமை என்று அவளுக்குத் தோன்றியது.

“விடு ஆயா, பாவம்,” என்றாள் சுதா.

செங்கேணி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். முகம் விழவில்லை, தலையைத் தூக்கு என்று திவ்யா சத்தம் போட்டாள். செங்கேணி தலையைத் தூக்கினாள்.